வராதவர்கள் திரும்பிய கடல்வழி

1

போன வாரம் என் மகள் ஜெனியின் பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை முஸந்தத்துக்கு அழைத்துப் போகிறார்களாம். கசப் கோட்டை, பாய்மரப் படகில் கடற்கால்வாய், டால்பின், ஜெபல் ஹரீம் மலை உச்சியில் கல்லாகிப்போன மீன்கள் என்று எல்லாம் வண்ணப் படத்தோடு அச்சடித்திருந்தார்கள். பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

நான் அதை வாங்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டேன். என் கணவர் அருள் ஒரு முறை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். எங்கள் வீட்டில் அந்த ஊர்ப் பேச்சு எழுவதில்லை.

"மம்மி, இட்ஸ் ஜஸ்ட் எ ட்ரிப். நீ சைன் பண்ணலேன்னா டாடி பண்ணும்" என்றாள் ஜெனி.

அப்பாவை அஃறிணையில் சொல்லாதே என்று எத்தனை முறை சொன்னாலும் அவளுக்குப் புரிவதில்லை. இங்கே பிறந்து இங்கே வளர்ந்தவள். ஆங்கிலத்தில் கோபப்பட்டு ஆங்கிலத்திலேயே சமாதானம் ஆவாள். தமிழ் அவளுக்கு எங்களிடம் காரியம் சாதிக்க மட்டும்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவள் கையில் பாஸ்போர்ட் இருக்கும், அதில் முத்திரை இருக்கும், கூட ஆசிரியைகள் இருப்பார்கள். எதற்குப் பயப்பட வேண்டும்? ஆனால் அன்று டூட்டிக்குப் போய் ஊசி மருந்தை இரண்டு முறை தப்பாக எடுத்துத் திரும்ப வைத்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஊரிலிருந்து துபாய் பார்க்க வருகிறவர்கள், கட்டடங்கள் தவிர வேறென்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. ஷார்ஜாவில் முவைலாவிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். ஆனால் நான் அதைப் பார்த்த விதத்தில் யாரும் பார்க்க வேண்டாம்.

2

அரபு நாட்டில் மலையா என்று கேட்பீர்கள். இங்கே மலை கடலுக்குள் இறங்கி முழுகியிருக்கிறது. முகடுகள் மட்டும் வெளியே நிற்க, பள்ளத்தாக்குகளில் கடல் ஏறிக் கிடக்கிறது. புல் கிடையாது, மரம் கிடையாது. செம்மண் நிறத்திலும் சாம்பல் நிறத்திலும் செங்குத்தான பாறை, அதன் காலடியில் பச்சைத் தண்ணீர். நார்வே தேசத்தில் பனி செய்த வேலையை இங்கே பூமி தானே அமிழ்ந்து செய்திருக்கிறது என்று ஜெனியின் பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. நான் குளச்சல் பக்கத்துக் கடற்கரையில் பிறந்தவள். எங்களுக்குக் கடல் என்றால் கரை நீண்டு கிடக்கும், அலை வந்து அடித்துக்கொண்டே இருக்கும். சத்தம் போடாமல் மலைக்குள் புகுந்து நிற்கும் கடலை அங்கேதான் முதலில் பார்த்தேன்.

இந்த முஸந்தம் ஓமானுக்குச் சொந்தம். ஆனால் ஓமானின் மற்ற பகுதியோடு ஒட்டாமல், நடுவில் எமிரேட்ஸ் புகுந்துகொள்ள, தனியாகத் துண்டுபட்டு மேலே கிடக்கிறது. போவதற்கு இரண்டு வாசல். மேற்கே ராஸ் அல் கைமா வழியாகக் கடலோரச் சாலை. அங்கே எல்லைச் சாவடி உண்டு, முத்திரை உண்டு. கிழக்கே திப்பா. அது ஒரே ஊர், மூன்று பேருக்குச் சொந்தம். ஒரு பகுதி ஷார்ஜாவுக்கு, ஒரு பகுதி ஃபுஜைராவுக்கு, மீன்பிடித் துறைமுகத்தோடு ஒரு பகுதி ஓமானுக்கு. அந்த நாட்களில் நடுவில் சாவடி எதுவும் கிடையாது. மளிகைக் கடை எமிரேட்ஸில் இருக்கும், அடுத்த தெரு ஓமானில் இருக்கும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். படகுக்காரர்கள் ஓமான் துறைமுகத்திலிருந்து சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு வடக்கே போவார்கள்.

அருள் ஒரு கட்டடக் கம்பெனியில் சைட் சூப்பர்வைசர். ஜெனி ஒன்றாம் வகுப்புப் படித்த அந்த வருஷம் நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு, தொழிலாளர் கேம்பில் இருக்கும் தமிழ் ஆட்களை எங்காவது கூட்டிப் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. சைட், கேம்ப், சைட் என்று வருஷக்கணக்கில் கிடப்பவர்கள். அவர்களுடைய பாஸ்போர்ட் எல்லாம் கம்பெனி ஆபீஸில் பூட்டியிருக்கும். கேட்டால் ஏன் எதற்கு என்பார்கள். திப்பாவில் கேட்க ஆளில்லை, காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்றார். நானும் சரி என்றேன். நாங்களும் எங்கள் பாஸ்போர்ட்டை எடுக்கவில்லை. நானும் ஜெனியும் கிளம்பியது, கூட்டம் முழுக்க ஆண்களாக இருந்தால் படகுக்காரன் யோசிப்பான் என்பதற்காகத்தான்.

அந்தக் கூட்டத்தில் முருகேசன் அண்ணனை எனக்கு முன்பே தெரியும். முதுகுளத்தூர்ப் பக்கம். கம்பி கட்டுகிற வேலை. கையில் கம்பி கிழித்துக் கட்டுப்போட என்னிடம் வந்திருக்கிறார். நான் நர்ஸ் என்பதால் எல்லாரையும்போல 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். இரண்டு பெண் பிள்ளைகள். கடல் மாவட்டத்துக்காரர்தான், ஆனால் உள்ளே கருவேலங்காட்டு ஊர். படகில் ஏறியது அன்றுதான் முதல் தடவை. கூடாரத் துணிக்குக் கீழே ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் கடைசிவரை அதை விடவில்லை.

மற்றவர்களெல்லாம் சின்னப் பிள்ளைகளாகிவிட்டார்கள். ஜிகி விரிகுடாவைத் தாண்டும்போது தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. பாறைக் குடைவுக்குள் படகை விட்டு நகோதா, அதாவது படகோட்டி, குரல் கொடுத்தார். மலை திருப்பிக் குரல் கொடுத்தது. எல்லாரும் தங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். ஜெனி வெட்கப்பட்டு என் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

3

லீமா என்கிற மீன்பிடிக் கிராமத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சிறு வளைவில் நங்கூரம் போட்டுச் சாப்பிட்டோம். ஆட்கள் கடலில் குதித்து நீந்தினார்கள். நான் பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

முருகேசன் அண்ணன் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். "பிரியாணி ஒத்துக்கல போல சிஸ்டர். எரியுது" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். சாம்பல் நிறம். நெற்றி, கழுத்து, முன்கை எல்லாம் குளிர்ந்த வேர்வை. இடது கையை மடியில் தூக்கி வைத்திருந்தார், அடுத்தவர் கையை வைத்திருப்பதுபோல. நாடி பிடித்தேன். அது ஓடி, நின்று, தடுக்கி ஓடியது. இருதய வார்டில் பல வருஷம் நின்றவள் நான். வேறு எதுவும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

என் பையில் ஆஸ்பிரின் இருந்தது. அதை மென்று விழுங்கச் சொன்னேன். படுக்க வைத்தேன். அருளைக் கூப்பிட்டுத் தனியாகச் சொன்னேன். ஹார்ட் அட்டாக், உடனே ஆஸ்பத்திரி வேண்டும் என்று. நகோதாவைக் கேட்டோம். திப்பாவுக்குத் திரும்ப மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், காற்று வேறு எழும்புகிறது என்றார். லீமா பக்கத்தில். அங்கே அரசாங்க சுகாதார நிலையம் உண்டு. ஆனால் கூடவே சொன்னார், "மேடம், உதர் போலீஸ் பி ஹை." அங்கே போலீஸும் உண்டு.

அருள் முகம் மாறிவிட்டது. படகில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். ஒருவரிடமும் பாஸ்போர்ட் இல்லை. கேட்க ஆளில்லாத தெருவில் நடந்து வந்தோம் என்றாலும், சட்டப்படி நாங்கள் எல்லாரும் திருட்டுத்தனமாக இன்னொரு நாட்டுக்குள் நுழைந்தவர்கள்.

"ஸ்டெல்லா, நான் சொல்லுகதக் கேளு. திப்பாக்கே போயிருவோம். போன் டவர் கிடைக்கும்போ ஆம்புலன்ஸ வரச் சொல்லுகேன்."

"அங்க போயிச் சேரும்போ இவரு இருக்க மாட்டாரு."

"லீமால போயி நின்னா இத்தன பேரையும் உள்ள தூக்கி வைப்பான். நம்மளயும் சேத்து. ஜெனி இருக்கா. நீ யோசிக்கியா இல்லையா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்த ஆட்களின் வீடுகள் எனக்குத் தெரியும். கல்யாணத்துக்குக் காத்திருக்கும் தங்கை, பாதிக் கட்டிய வீடு. ஓமான் காவலில் பிடிபட்டால் கம்பெனி ஒரே நாளில் விசாவை ரத்து செய்துவிடும். நீந்திக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக ஏறி, ஈரத்தோடு எங்களைச் சுற்றி நின்றார்கள். லீமா போ என்றும் யாரும் சொல்லவில்லை, திப்பா போ என்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

பேசியது முருகேசன் அண்ணன்தான். என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தார். பிடியில் பலமில்லை.

"லீமா வேணாம் சிஸ்டர். புடிச்சாங்கன்னா வேலை போயிரும். ரெண்டு பொட்டப் புள்ளைகள வச்சிருக்கேன். திப்பாவுக்கே விடச் சொல்லுங்க. நான் தாங்கிக்கிருவேன்."

"தாங்க மாட்டீங்க அண்ணா" என்றேன். அப்படி நேராகச் சொல்ல எங்களுக்குப் படிப்பில் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்த நேரத்தில் மீன் கூண்டு தூக்கப் போன ஒரு ஃபைபர் படகு லீமாவை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. ஓமானியர் ஒருவர் தனியாக ஓட்டிவந்தார். அருள் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் திரும்பாமலே சொன்னார்.

"நீ இவரைக் கூட்டிக்கிட்டு அதுல போ. நான் மத்தவங்களக் கொண்டு திப்பால விட்டுட்டு வாறேன்."

நகோதா துண்டை வீசி அந்தப் படகை அழைத்தார். பாஸ்போர்ட் இல்லாமல், சாகக் கிடக்கிற ஒரு மனிதரோடு, முன்பின் தெரியாதவர் படகில் என்னை ஏற்றிவிட்டு என் புருஷன் வேறு திசையில் போகிறார். அவர் கணக்கில் அதுதான் சரி. ஜெனியைத் தனியாக விட முடியாது. அந்த ஆட்களையும் விட முடியாது. எல்லாம் புரிந்தது. புரிந்தும், ஒரு வார்த்தை, "நான் வரட்டுமா" என்று கேட்டிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது.

நான்கு பேர் சேர்ந்து அவரை ஒரு பாயில் வைத்து இறக்கினார்கள். ஜெனி அழவில்லை. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, எப்ப வருவே?" என்று தமிழில் கேட்டாள். மம்மி என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு.

4

லீமாவுக்கு அப்போது சாலை கிடையாது. முன்னால் கடல், பின்னால் மலை, நடுவில் பேரீச்சை மரங்களும் வெள்ளை வீடுகளும். மீனவர் மணலிலேயே படகை ஏற்றிவிட்டு, கரையில் நின்ற இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பாயைத் தூக்க வைத்தார். நாங்கள் யார் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சுகாதார நிலையத்தில் சூடான் நாட்டு டாக்டர் ஒருவர் இருந்தார். ஈசிஜி எடுக்கும்வரைகூட முருகேசன் அண்ணன் "வேணாம், வேணாம்" என்று முனகிக்கொண்டிருந்தார். கம்பிகளை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே கண் மேலே செருகிக்கொண்டது. திரையில் கோடு கிறுக்கலாக ஓடியது. நான் நெஞ்சில் அமுக்க ஆரம்பித்தேன். டாக்டர் ஷாக் வைத்தார். மறுபடி அமுக்கினேன். மறுபடி வைத்தார். எத்தனை நேரம் என்று நினைவில்லை. என் தாலிச் சங்கிலி ஒவ்வொரு அமுக்கலுக்கும் அவர் முகத்தின் மேல் ஆடியது மட்டும் நினைவிருக்கிறது. பிறகு கோடு திரும்பியது. அவர் மூச்சு இழுத்தார். டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டு அல்ஹம்துலில்லா என்றார். நான் இயேசுவே என்றேன்.

திப்பாவுக்கே போயிருந்தால் இந்த நேரத்தில் அவர் நடுக்கடலில் இருந்திருப்பார். அதற்கு மேல் நான் இதைப்பற்றி யோசிப்பதில்லை.

கசப் ஆஸ்பத்திரிக்கு ஹெலிகாப்டர் கேட்டார்கள். அதற்குள் காவலர் ஒருவர் வந்துவிட்டார். இளம் வயது. பெயர், நாடு, பாஸ்போர்ட் என்று கேட்டார். வார்டில் நோயாளிகளோடு பேசிப் பழகிய அரபி எனக்கு உண்டு. வலி எங்கே, சாப்பிட்டீர்களா, மூச்சை இழுங்கள். அதற்கு வெளியே தடுமாறுவேன். "மாஃபி ஜவாஸ்" என்றேன். பாஸ்போர்ட் இல்லை. அவர் புருவத்தைத் தூக்கினார்.

நோயாளியை மட்டும் ஹெலிகாப்டரில் ஏற்றுவோம், நீங்கள் இங்கேயே எங்களோடு இருக்க வேண்டும் என்றார். அந்த நேரம் பார்த்து முருகேசன் அண்ணன் கண் திறந்தார். ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து, "சிஸ்டர், சிஸ்டர்" என்று கையை நீட்டினார்.

காவலருக்கு அந்த ஆங்கில வார்த்தை தெரிந்திருந்தது. அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இருவரும் ஒரே கறுப்பு. "உக்தஹு?" என்றார். அவன் சகோதரியா?

எங்கள் நாட்டில் நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று விளக்க எனக்கு அரபி போதாது. போதுமாக இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. மறுபடி அந்த இருதயம் வானத்தில் வைத்து நின்றால் பக்கத்தில் நான் இருக்க வேண்டும். அது மட்டும்தான் தெரிந்தது.

"ஐவா" என்றேன். ஆமாம்.

அவர் குரலே மாறிவிட்டது. எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஹெலிகாப்டர் வந்ததும் என் தலையைக் கையால் மறைத்துக் குனியவைத்து அவரே ஏற்றிவிட்டார்.

5

கசப். நம் நாக்கில் அது கசப்பாகத்தான் வரும். அரபியில் செழிப்பு என்று பொருளாம்.

கசப் ஆஸ்பத்திரியில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்தார்கள். மறுநாள் காலையில் வலி விட்டிருந்தது. கோட்டயத்து நர்ஸ்கள் இரண்டு பேர் எனக்கு மாற்றுத் துணி கொடுத்துத் தங்கள் அறையில் படுக்க வைத்தார்கள். எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்று நினைக்கும்போது போலீஸ் அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார்.

நரைத்த தாடி, நிதானமான பேச்சு. பம்பாயில் கொஞ்ச காலம் இருந்தவர், இந்தி நன்றாக வந்தது. சகோதரனின் முழுப்பெயர் என்ன என்று கேட்டார். முருகேசன், அப்பா பெயர் கருப்பையா என்றேன். அது அவருடைய லேபர் கார்டில் இருந்ததால் மாற்ற முடியாது. உங்கள் அப்பா பெயர்? என் கழுத்துச் சங்கிலியில் சிலுவை. ஆஸ்பத்திரியில் கிடக்கும் முருகேசன் அண்ணன் நெற்றியில் நேற்றைய விபூதியின் மிச்சம். அதிகாரி காத்திருந்தார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

பொய்யைத் தொடர்ந்தால் என்னென்ன சொல்ல வேண்டியிருக்கும் என்று மனசுக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். என்னால் முடியாது.

"என் அப்பா பெயர் அந்தோணி. அவர் என் அண்ணன் இல்லை. இந்தியாவில் நர்ஸை சிஸ்டர் என்பார்கள். அவர் கூப்பிட்டார், உங்கள் காவலர் கேட்டார், நான் ஆமாம் என்றேன்."

"ஏன்?"

"கூட வர வேண்டியிருந்தது."

போலீஸிடம் பொய் சொன்னது ஒரு குற்றம், அனுமதியில்லாமல் நாட்டுக்குள் வந்தது இன்னொன்று என்று அவர் மெதுவாகச் சொன்னார். முடிவெடுக்கும்வரை ஊரை விட்டுப் போகக்கூடாது. லாக்கப்பில் போடுவார் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியிலேயே இருங்கள், ஊருக்குள் நடக்கலாம், தினம் காலையில் இங்கே வந்து முகத்தைக் காட்டுங்கள் என்றார்.

இப்படித்தான் நான் கசப்பைச் சுற்றிப் பார்த்தேன். போர்த்துகீசியர் கட்டிய கோட்டையின் மதிலோரமாக நடந்தேன். துறைமுகத்தில் ஈரான்காரர்களின் சிறு வேகப் படகுகள் வரிசையாக நின்றன. ஆடுகளை இறக்கிவிட்டுச் சிகரெட் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, அகலமில்லாத அந்த நீரிணையைக் கடந்து விரைவார்கள். ஊரைச் சுற்றி மூன்று பக்கமும் மலை. அழகான ஊர். எந்தப் பக்கம் பார்த்தாலும் வெளியே போக முடியாது என்றுதான் எனக்குத் தோன்றியது. ஷார்ஜாவில் என் டூட்டி என்ன ஆயிற்று, ஜெனி என்ன சாப்பிட்டாள், அருள் எங்கே? கோட்டயத்துப் பெண்ணின் போனில் கூப்பிட்டால் அவர் போன் அணைந்து கிடந்தது.

அருள் மூன்றாம் நாள் வந்தார். ஆட்களை கேம்பில் சேர்த்து, ஜெனியைப் பக்கத்து வீட்டில் விட்டு, நேரே மேனேஜர் முன்னால் போய் நின்று நடந்ததைச் சொல்லியிருக்கிறார். முருகேசன் தானாகப் போனதாகச் சொல்லிவிடு, உனக்குப் பிரச்சினை வராது என்று மேனேஜர் வழி காட்டியிருக்கிறார். இவர் மாட்டேன் என்றிருக்கிறார். முருகேசன் அண்ணன் பாஸ்போர்ட்டை ஆபீஸிலிருந்து வாங்கத்தான் இத்தனை நாள், கம்பெனி போனையும் பிடுங்கிக்கொண்டார்கள் என்றார். பிறகு ராஸ் அல் கைமா வழியாக முறைப்படி முத்திரை குத்திக்கொண்டு, கடலுக்கும் மலைக்கும் இடையில் வெட்டிய சாலையில், புகா கோட்டையைத் தாண்டி வந்திருந்தார். போலீஸ் நிலையத்தில் அதிகாரியிடம், இவர்களைக் கூட்டி வந்தது நான்தான், என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னார்.

வெளியே வந்ததும் நான் கேட்டேன்.

"அந்தப் படகுல நீங்களும் வாறேன்னு சொல்லலையே."

அவர் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சொன்னா வந்திருப்பேன். வந்தா அவனுக நெலமை என்னாகும்? அதான் வாயத் தொறக்கல."

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. இன்றும் முழுசாகப் போதவில்லை. ஆனால் சவரம் செய்யாத அந்த முகத்தைப் பார்த்தபோது மேலே கேட்கவும் தோன்றவில்லை.

6

அதிகாரிக்கு இப்போது வேறு சிக்கல். பாஸ்போர்ட்டுகள் மேசை மேல் இருந்தன. புரட்டிப் பார்த்தார். எமிரேட்ஸை விட்டு நாங்கள் வெளியேறியதற்கு முத்திரை இல்லை. ஓமானுக்குள் நுழைந்ததற்கும் இல்லை. அருள் வந்த வழியிலுள்ள திபாத் எல்லைச் சாவடி வழியாக அனுப்பினால், நீங்கள் எப்போது வந்தீர்கள் என்று இந்தப் பக்கம் கேட்பார்கள். எப்போது போனீர்கள் என்று அந்தப் பக்கம் கேட்பார்கள். வழக்குப் போட்டால் கோர்ட், காவல், மாதக்கணக்கு. இருதயம் நொந்த மனிதரை எங்கே வைப்பது?

"காகிதத்தின்படி நீங்கள் இருவரும் இங்கே வரவேயில்லை. வராதவர்களை எப்படி அனுப்புவது?" என்று இந்தியில் கேட்டார். சிரிக்கவில்லை. யார் யாருக்கோ போன் செய்தார். முடிவு வர இரண்டு நாள் ஆயிற்று, இரண்டு நாளும் நான் தூங்கவில்லை.

முடிவாகக் கூப்பிட்டுச் சொன்னார். கிராமங்களுக்கு மருந்துப் பெட்டி கொண்டுபோகும் அரசாங்கப் படகு ஒன்று திப்பாவரை போகிறது. டாக்டர் சரியென்றால் அதில் ஏறிக்கொள்ளுங்கள். கடல் வழியாக வந்தவர்கள் கடல் வழியாகவே போங்கள். இனிமேல் வருவதாக இருந்தால் வாசல் வழியாக வாருங்கள். "கலாஸ்", முடிந்தது, என்று பாஸ்போர்ட்டுகளைத் தள்ளினார். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் அடுத்த கோப்பைத் திறந்துவிட்டார்.

மேலும் சில நாள் படுக்கையில் வைத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சம்மதித்தார். அருள் வந்த சாலையிலேயே தனியாகத் திரும்பினார். நாங்கள் விடிந்ததும் படகேறினோம்.

அந்தப் பயணத்தை இன்றைக்குப் பெரிய பெரிய சுற்றுலாக் கம்பெனிகளாலும் யாருக்கும் தர முடியாது. முஸந்தத்தின் தலையை முழுசாகச் சுற்றினோம். முதலில் கோர் ஷாம். மலைக்குள் வெகுதூரம் நீண்டு போகும் கடற்கால்வாய். உள்ளே நடுவில் ஒரு மொட்டைப் பாறைத் தீவு. வெள்ளைக்காரன் தந்திக் கம்பி இழுத்த காலத்தில் அங்கே ஆள் வைத்திருந்தானாம். இடிந்த சுவர்கள் இன்னும் நிற்கின்றன. மலையடியில் விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகள் கொண்ட கிராமங்கள். குடிதண்ணீரும் படகில்தான் வர வேண்டும். ஒரு கிராமத்தில் பெட்டியை இறக்கினோம். வெளியே வரும்போது டால்பின்கள் படகோடு ஓடி வந்தன. பிறகு கும்ஸார். உலகத்தில் வேறெங்கும் அதிகம் கேட்க முடியாத ஒரு மொழியைப் பேசுகிறவர்கள், மலையிடுக்கில் ஒரே ஊராக இருக்கிறார்கள். அதற்கப்பால் நீரிணை. எண்ணெய்க் கப்பல்கள் ஒன்றன் பின் ஒன்றாக, அசைவதே தெரியாமல் போய்க்கொண்டிருந்தன.

முருகேசன் அண்ணன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து ஒன்றுவிடாமல் பார்த்தார். நான் நாடியைப் பிடித்தபடி இருந்தேன். மலையையா பார்த்தேன்? அவர் உதட்டின் நிறத்தைத்தான் பார்த்தேன். லீமாவைத் தாண்டும்போது இதுதான் அந்த ஊர் என்று காட்டினேன். அவர் எழுந்து நிற்க முயன்றார். வேண்டாமென்று தோளை அமுக்கினேன். உட்கார்ந்தபடியே கரையை நோக்கிக் கும்பிட்டார். கரையில் யாரும் இல்லை. காயப்போட்ட வலைகள் மட்டும் கிடந்தன.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதத்தில் உடல் தகுதியில்லை என்று கம்பெனி அவர் விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பியது. அருளைச் சூப்பர்வைசர் வேலையிலிருந்து இறக்கி, ஓமானின் சோஹார் நகரத்தில் ஒரு சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் நானும் ஜெனியும் தனியாகத்தான் இருந்தோம். மற்ற ஆட்கள் ஒருவரைக்கூடக் கம்பெனி தொடவில்லை. அவர்கள் பெயர் எதையும் அருள் சொல்லவில்லை. முருகேசன் அண்ணன் இப்போது ஊரில் மூத்த மகளோடு சேர்ந்து பெட்டிக்கடை வைத்திருக்கிறார்.

அது பிறகு. அன்று திப்பா துறைமுகத்தில் இறங்கும்போது எதுவும் முடிவாகியிருக்கவில்லை. அருள் வேனோடு நின்றிருந்தார். ஜெனி ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவில்லை. படகுக்காரர்கள் கைத்தாங்கலாக முருகேசன் அண்ணனை இறக்கிவிட்டார்கள். மணலில் கால் வைத்ததும் என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கி வேலை போயிரும்னுதேன் உங்க கையைப் புடிச்சு இழுத்தேன் சிஸ்டர்" என்றார்.

"தெரியும் அண்ணா."

"இப்பவும் போகத்தேன் போகுது. கம்பெனிக்காரன் வச்சுக்கிருவானா என்ன?" கடலை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "போகட்டும். அது போறதப் பாக்க நான் இருக்கேன்ல."

அருள் அவரைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினார். அவர் வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, மெதுவாக நடந்து போய், தானே வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்.